பேசாத கட்டை

சாப்பாட்டு மேசையின் மேல் பழைய போர்வையை விரித்து, அதன் மேல் கீபோர்டை வைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்ற மாப்பிள்ளையைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேயேதான் நிற்கிறான். ஸ்க்ரூடிரைவரைக் காணவில்லை.

"இப்பத்தானே மாமா இங்க வெச்சேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாமனார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அது நேற்றைய பேப்பர்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டில் எல்லாருக்கும் மாப்பிள்ளையாகிவிட்ட இவன் லிஃப்ட் மெக்கானிக். இவன் மனைவி, பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். சின்ன வயதில் ஓயாமல் கீச்சுக் கீச்சென்று பேசிக்கொண்டிருந்தாளாம், அதனால் அவள் அப்பா 'சிட்டு' என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. அந்த அப்பா, மனைவி காலமான பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். இன்று சாயங்காலம் ஒரு நடனப் பள்ளியில் சிட்டுவுக்குத் தேர்வு. வகுப்புகளுக்கு வாசிக்க ஆள் தேடுகிறார்கள். உங்கள் கீபோர்டையே கொண்டுவந்து வாசித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் கீபோர்டிலோ நட்டநடுவில் ஒரு வெள்ளைக் கட்டை ஒரு மாதமாக வாயே திறப்பதில்லை. அதன் அக்கம்பக்கத்துக் கட்டைகள் இரண்டும் இஷ்டப்பட்டால் பேசும், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். கடைக்காரர் மூன்று வாரம் தவணை கேட்டார். "எதுக்கு? நானே பார்த்துடறேன்" என்று மார்தட்டினான் மாப்பிள்ளை. அந்த நிமிஷத்திலிருந்து மாமனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதுவரை நடந்த கதை இவ்வளவுதான்.

"மாமா, உங்க கண்ணாடி எங்க?"

"மூக்கு மேல."

"கண்ணாடி மூக்கு மேல இருந்தா, கண்ணாடிக் கூட்டுக்குள்ள என்ன கடகடங்குது?"

மாமனார் கூட்டைத் திறந்து பார்த்தார். ஸ்க்ரூடிரைவர் உள்ளே சமர்த்தாகப் படுத்திருந்தது. "அட, இது எப்படி இதுக்குள்ள போச்சு?" என்று அவர் ஆச்சரியப்பட்ட அழகைப் பார்த்தால் யாருமே நம்பிவிடுவார்கள்.

மாப்பிள்ளை நம்பவில்லை. ஆனால் கோபப்படவும் இல்லை. காலையிலிருந்து இது மூன்றாவது தடங்கல். முதலில் மேசைக்கு விரித்த போர்வை தனக்குக் குளிருக்கு வேண்டும் என்றார். அப்புறம், இன்று கரண்ட் போகப் போவதாகக் கேள்விப்பட்டேன் என்றார். யாரிடம் என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க மாமா."

"போன மாசம் நம்ம காலிங் பெல்லை நீங்க சரிபண்ணீங்க."

"ஆமா. இப்ப அடிக்குதுல்ல?"

"அடிக்குது. அடிக்கலேன்னு யாரு சொன்னா? பக்கத்து வீட்டுல லைட்டு போட்டாக்கூட அடிக்குது. அதனாலதான் சொல்றேன், இதைத் தொடாதீங்க. கடைக்காரன் பார்த்துப்பான்."

"கடைக்காரர் பார்க்கறதுக்குள்ள சிட்டுவோட இடத்துல வேற யாராவது உட்கார்ந்துடுவாங்க மாமா. அஞ்சு மணிக்கு அங்க இருக்கணும்."

மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். மகளுக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்பதில் அவருக்கும் ஆசை இல்லாமலில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து விரலைத் தேய்த்துப் பழகியவள், பல்வலிக்காரர்களுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வாரமாக அவளுக்கு நிலைகொள்ளவில்லை. உயிரையே விடும் காபியைக்கூட, வாடை பிடிக்கவில்லை என்று தள்ளி வைத்துவிட்டாள். எல்லாம் தேர்வு பயம் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டிருந்தான்.

அவனுக்கும் ஒரு பயம் இருந்தது. ஊரில் எத்தனையோ பேர் அவன் முறுக்கிய போல்ட்டை நம்பி மாடி ஏறுகிறார்கள். வீட்டில் மட்டும் அவன் நாற்காலி மேல் ஏறினாலே எல்லாரும் தள்ளி நின்றுகொள்கிறார்கள். இன்று இந்தக் கட்டை பேசாவிட்டால் சிட்டுவின் வாய்ப்பு போகும், அதோடு இவன் மானமும் போகும். மானம் போனால் போகட்டும், அவள் முகம் வாடுவதை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அவன் கவலை.

கீபோர்டைக் குப்புறத் திருப்பினான். உள்ளே கலகலவென்று ஏதோ உருண்டது.

மாமனாருக்கு அதே நொடியில் பலமாக இருமல் வந்தது.

"மாமா, உள்ள ஏதோ இருக்கு."

"பழசானா எல்லாத்துக்குள்ளயும் ஏதாவது உருளும் மாப்பிள்ளை. என் முழங்காலைக் கேட்டுப் பாருங்க."

மாப்பிள்ளை ஓர் அட்டைப்பெட்டியின் மூடியை எடுத்து, அதில் கீபோர்டின் உருவத்தைப் பேனாவால் வரைந்தான். ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி, அது எந்த மூலையிலிருந்து வந்ததோ அட்டையில் அதே மூலையில் குத்தி வைத்தான். லிஃப்ட் வேலையில் முதல் நாளே படிந்த பழக்கம் அது. நீள ஸ்க்ரூ, குட்டை ஸ்க்ரூ, தலை தட்டையான ஸ்க்ரூ என்று அட்டை நிறைந்துகொண்டே வந்தது. மாமனார் நாற்காலியை விட்டு எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

அவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தினவர். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துப் பழகி, இப்போதும் அப்படித்தான் பார்ப்பார். 'விடுபட்டிருக்கு' என்பது அவர் வாயில் சதா குடியிருக்கும் வார்த்தை. சமையலறையில் உப்பு விடுபட்டிருக்கும், சலவைத் துணியில் பட்டன் விடுபட்டிருக்கும். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை முகச்சவரம் செய்துகொண்டு வந்து நின்றபோதே, "இடது காதுக்குக் கீழ விடுபட்டிருக்கு" என்று சொன்னவர். அப்படிப்பட்டவர் இன்று ஒரு குற்றமும் கண்டுபிடிக்காமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பது மாப்பிள்ளைக்கு வினோதமாக இருந்தது.

கடைசி ஸ்க்ரூவும் வந்தது. மூடியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் தூக்கினான்.

போர்வை மேல் பொலபொலவென்று மாத்திரைகள் உதிர்ந்தன.

ஒன்றிரண்டு இல்லை. வெள்ளை வெள்ளையாக ஒரு கைப்பிடி இருக்கும். சில சின்னது, சில பெரிது, சில பாதி கரைந்து மாவாகிப் போனது. நடுவில் இருந்த பச்சைப் பலகையைக் கழற்றிப் பார்த்தால், பேசாத அந்தக் கட்டைக்கு அடியில் ஒரு பெரிய மாத்திரை ஆப்பு வைத்த மாதிரி செருகிக்கொண்டிருந்தது. கட்டை இறங்கவே வழியில்லை.

மாப்பிள்ளை மாத்திரையைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். மாமனார் கூரையைப் பார்த்தார்.

"மாமா."

"ம்."

"இது உங்க பிரஷர் மாத்திரை மாதிரி இருக்கே."

"எல்லா மாத்திரையும் வெள்ளையாத்தான் இருக்கும் மாப்பிள்ளை."

"இதுல நடுக்கோடு போட்டிருக்கு. உங்களுதுலயும் போட்டிருக்கும். நேத்து நான்தான் வாங்கிட்டு வந்தேன்."

மாமனார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். முப்பது வருஷம் அடுத்தவர் பிழையைக் கையும் களவுமாகப் பிடித்தவர், இப்போது திருதிருவென்று விழித்தார்.

மாப்பிள்ளைக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சிட்டு மாத்திரையும் தண்ணீருமாக அப்பா முன்னால் வந்து நிற்பாள். அவர் வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். பிறகு வாசிக்க உட்காருவாள். நோட்ஸ் வைக்கும் ஸ்டாண்டைக் கீபோர்டின் முதுகில் உள்ள நீளப் பள்ளத்தில் செருகித் தருவது மாமனாரின் வேலை. வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார். அப்பாவுக்கு என் வாசிப்பு மேல் எவ்வளவு பிரியம் பாருங்கள் என்று சிட்டு நெகிழ்ந்துபோவாள்.

அந்தப் பள்ளத்தின் அடிப்பக்கம் எந்தக் காலத்திலோ உடைந்து திறந்து கிடந்தது. கன்னத்தில் ஒதுக்கி வைத்த மாத்திரையை உள்ளங்கையில் எடுத்து, ஸ்டாண்டை மாட்டுகிற சாக்கில் அதற்குள் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல் வந்து உட்கார்ந்துவிடுவாராம். வாசித்து முடித்ததும் கீபோர்டை அலமாரி ஓரமாக நிமிர்த்தி வைப்பார்கள், வீட்டில் வேறு இடமில்லை. உள்ளே விழுந்தது உருண்டு உருண்டு கட்டைகளுக்குக் கீழே போய்ச் சேர்ந்திருக்கிறது.

"சின்ன மாத்திரையா இருந்தவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல மாப்பிள்ளை" என்றார் மாமனார் ஈனஸ்வரத்தில். "போன மாசம் அந்த டாக்டர்தான் பெரிசா மாத்திட்டார்."

"ஏன் மாத்தினார்? நீங்க போடாததால பிரஷர் இறங்கல. இறங்கலேன்னு அவர் பெரிசா எழுதினார். அந்தப் பெரிசு போய் இங்க மாட்டிக்கிச்சு!" மாப்பிள்ளைக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. சிரிப்புதான் ஜெயித்தது. ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு மாத்திரையை எடுத்து அவர் முன்னால் நீட்டினான். "ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க? விளையாட்டு சமாச்சாரமா இது?"

"போட்டா தூக்கம் வருது மாப்பிள்ளை. அரை மணியில கண்ணு சொருகிடுது."

"வந்தா தூங்க வேண்டியதுதானே? ராத்திரி தூங்காம என்ன பண்ணப் போறீங்க?"

மாமனார் எதையோ சொல்ல வந்து மென்று விழுங்கினார். "சிட்டுகிட்ட சொல்லிடாதீங்க. இன்னிக்கு அவளுக்கு முக்கியமான நாள்."

அது வாஸ்தவம்தான். இதைக் கேட்டால் அவள் அங்கே போய் வாசித்த மாதிரிதான். மாப்பிள்ளை யோசித்தான். "சரி. இப்ப சொல்லல. ஆனா போயிட்டு வந்ததும் நீங்களே சொல்லணும். நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போறோம், ஒண்ணு விடாம அவர்கிட்டயும் சொல்றீங்க. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் மாமனார். உதிர்ந்து கிடந்ததைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒருமுறை பார்த்தார். "ஆனா மாப்பிள்ளை, அந்த மஞ்சள் என்னுது இல்ல."

வெள்ளைகளுக்கு நடுவே மஞ்சளாக ஒரு குட்டி மாத்திரை கிடந்தது.

"மாமா, போதும்."

"என் கண்ணாணை. வெள்ளை பூரா என்னுது, ஒத்துக்கறேன். மஞ்சள் நான் போட்டதில்ல."

இவ்வளவு தூரம் காதில் பூ சுற்றியவரை இனி எப்படி நம்புவது? மாப்பிள்ளை அதையும் மற்றவற்றோடு ஓரமாக ஒதுக்கினான்.

அதன் பிறகு வேலை மும்முரமானது. கட்டைகளுக்கு அடியில் நீளமாக ஒரு ரப்பர் பட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் அதில் ஒரு சின்ன மொட்டு, மொட்டின் அடியில் கறுப்புப் பொட்டு. கட்டையை அழுத்தினால் பொட்டு போய்ப் பச்சைப் பலகையைத் தொட வேண்டும், தொட்டால்தான் சத்தம். லிஃப்ட் பட்டனுக்குள்ளும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான் என்பதால் மாப்பிள்ளைக்கு அது பழகின இடம். மாத்திரை மாவு ரப்பருக்குள் புகுந்து பொட்டுகளை மூடிக்கொண்டிருந்தது. அதனால்தான் பக்கத்துக் கட்டைகளும் நொண்டியடித்திருக்கின்றன.

ரப்பரை உரித்தெடுத்தான். சிட்டுவின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, பொட்டுப் பொட்டாகத் துடைத்தான். மாமனார் கேட்காமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சைச் சுருட்டிச் சுருட்டிக் கொடுத்தார். குட்டு உடைந்த பிறகு அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது. "அந்த ஓரம் விடுபட்டிருக்கு மாப்பிள்ளை" என்று பழைய குரல்கூடத் திரும்பி வந்தது. உடைந்த பள்ளத்தின் அடியில் மாப்பிள்ளை கறுப்பு டேப்பை இரண்டு சுற்று ஒட்டினான். மாமனார் அதைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரப்பர் காய்ந்ததும் அதன் முளைகளைப் பென்சில் முனையால் ஓட்டைக்குள் ஒவ்வொன்றாக அழுத்தி, பலகையைப் பொருத்தி, மூடியைப் போட்டு, அட்டையிலிருந்த ஸ்க்ரூக்களை அதனதன் இடத்தில் முறுக்கினான். ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெருமையாகத் திருப்பி வைத்து, சுவிட்சைப் போட்டான். விளக்கு எரிந்தது.

பேசாத கட்டையை அழுத்தினான். சத்தமில்லை.

அடுத்ததை அழுத்தினான். அதுவும் இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துப் பார்த்தான். முன்பு ஒரு கட்டைதான் பேசவில்லை. இப்போது மொத்தக் கீபோர்டும் கப்சிப்.

மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. காலிங் பெல் நினைவுக்கு வந்தது. மாமனார் அதைச் சொல்லிக் காட்டுவார் என்று காத்திருந்தான்.

அவர் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "திறங்க" என்றார். "மறுபடி திறங்க, நானும் ஒரு தடவை பார்க்கறேன்."

மளமளவென்று திறந்தார்கள். மாமனார் குனிந்து, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை, மேல் வரிசை கீழ் வரிசை என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு மூலையில் அவர் விரல் நின்றது.

"இந்தப் பட்டை வொயரு எங்க போய்ச் சேரணும்?"

பச்சைப் பலகையிலிருந்து கிளம்பிய தட்டையான வொயர் ஒன்று, எங்கும் செருகாமல் அந்தரத்தில் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூக்களுக்குக் காட்டிய அக்கறையை மாப்பிள்ளை வொயருக்குக் காட்ட மறந்திருக்கிறான்.

"விடுபட்டிருக்கு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

செருகினான். மூடியைப் போடுவதற்கு முன்பே ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தான். சத்தம் வந்தது. மாமனாருக்கு வந்த சந்தோஷத்தில் மாப்பிள்ளையின் முதுகில் ஒரு போடு போட்டார். இத்தனை வருஷத்தில் அவர் இவனைத் தொட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளைக்கு என்னவோ போலாகிவிட்டது, நல்லவிதமாகத்தான்.

மூடியை முறுக்கி முடிக்கும் நேரத்தில் காலிங் பெல் அடித்தது.

"பக்கத்து வீட்டுல லைட்டு போடறாங்க" என்றார் மாமனார்.

மறுபடி அடித்தது. "அணைக்கறாங்க" என்றான் மாப்பிள்ளை. இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

சிட்டு!

மேசை ஓரத்தில் மாத்திரைக் குவியல் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை ஒரே வாரலாக வாரிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வாசல்ல நின்னு எவ்வளவு நேரமா பெல் அடிக்கறேன், ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள், கீபோர்டைப் பார்த்ததும் பையை அப்படியே கீழே போட்டாள். "ஆயிடுச்சா?"

"நீயே பாரு."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே நடுக்கட்டையை ஒற்றை விரலால் தொட்டாள். தெளிவாக, மணியாக ஓர் ஒலி எழுந்தது. மறுபடி தொட்டாள். மறுபடி பேசியது. சிட்டு கணவனைப் பார்த்த பார்வையில் அவனுக்குக் காலிங் பெல் கவலையெல்லாம் பறந்துவிட்டது.

"பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா? உள்ள என்ன இருந்துச்சு?"

"தூசி" என்றான் மாப்பிள்ளை.

"நிறையத் தூசி" என்றார் மாமனார்.

"சரி, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா வாசிச்சுப் பார்த்துடறேன். நானே கட்டின பாட்டு இருக்கே, அதைத்தான் அங்க வாசிக்கப் போறேன்."

மாமனார் வழக்கம்போல ஸ்டாண்டை மாட்டிக் கொடுத்தார். இந்தத் தடவை கை சுத்தமாக இருந்தது.

சிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு மாதமாக அந்தக் கட்டை இல்லாமலே ஒப்பேற்றியவள் அவள். அது வரும் இடங்களில் எல்லாம் தாண்டிக் குதித்துப் பழகியிருந்தாள். இப்போது ஒவ்வோர் இடமாக நினைவு வைத்து, சரியாக விரலைக் கொண்டுபோய் வைத்தாள். முதல் பகுதி போயிற்று, நடுப்பகுதி போயிற்று. கடைசிப் பகுதி வேகமானது. அங்கே பழைய பழக்கம் முந்திக்கொண்டது. விரல் ஒரு குதி குதித்து அந்தக் கட்டையைத் தாண்டிவிட்டது.

"அங்க ஒண்ணு விடுபட்டிருக்கு" என்றார் மாமனார்.

பழக்கதோஷம். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

சிட்டுவின் கை நின்றது. "எங்க அப்பா?"

"கடைசியில. கீழ இறங்கி, திரும்பி மேல போற இடத்துல. கட்டை கெட்டுப்போறதுக்கு முன்னாடி அங்க ஒண்ணு அழுத்தி, கொஞ்சம் நிறுத்துவ. அதுதான் அந்தப் பாட்டுக்கே அழகு."

சிட்டு மெல்லத் திரும்பினாள். மாப்பிள்ளை மாமனாருக்குக் கண் ஜாடை காட்டினான். மாமனாருக்கு இன்னும் உறைக்கவில்லை.

"இந்தப் பாட்டை ராத்திரி கடைசியா வாசிச்சுட்டுத்தான் எழுந்திருப்பேன். மாத்திரை போட்டா அரை மணியில தூங்கிடுவீங்கன்னு டாக்டர் சொன்னாரே. நீங்களும் தினமும் நாற்காலியில கண்ணை மூடிட்டுத்தானே உட்கார்ந்திருப்பீங்க? இது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

மாமனாருக்கு இப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளையைப் பார்த்தார். இனிப் பூசி மெழுக இடமில்லை. மாப்பிள்ளை சட்டைப் பையில் கையை விட்டு, உள்ளதை எல்லாம் அள்ளி மேசை மேல் கொட்டினான்.

"தூசி" என்றான் மெதுவாக.

நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை சிட்டு குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் பிடித்துக்கொண்டாள். "அம்மா போனதுக்கு அப்புறம் பெத்தவங்கன்னு எனக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா? என் முன்னாடியே தண்ணி குடிச்சுக் காட்டுவீங்களே! சின்னப் பிள்ளையாப்பா நீங்க?" கத்த ஆரம்பித்தவளுக்குப் பாதியில் அழுகை வந்துவிட்டது.

"கத்தாத சிட்டு." என்றார் மாமனார். "காலையில நீ ஆஸ்பத்திரிக்குப் போயிடற. மாப்பிள்ளை வேலைக்குப் போயிடறார். பகல் பூரா நானும் இந்தச் சுவரும்தான். ராத்திரி நீ வாசிக்கற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் பொழுதைத் தள்ளிட்டு இருக்கேன். அப்பப் போய்த் தூங்கிட்டா எப்படிம்மா? கண்ணை மூடிட்டு இருந்தது கேட்கறதுக்குத்தான்."

சிட்டு எழுந்து போய் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் தலையைத் தட்டிக்கொண்டே, "நேரமாச்சு, நேரமாச்சு" என்றார்.

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தான். "மாமா, ஒரு சந்தேகம். சிட்டு சாப்பாட்டுக்கு முன்னாடி வாசிச்சா என்ன?"

மாமனார் அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"முதல்ல பாட்டு. அப்புறம் சாப்பாடு. அப்புறம் மாத்திரை, தூக்கம்."

மாமனார் குவியலைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளும் கன்னத்தில் ஒதுக்கி, கையில் மறைத்து, பள்ளத்தில் போட்டு மாமனார் பட்ட பாடெல்லாம் அந்த மேசை மேல் குவிந்து கிடந்தது.

"இது எனக்கு..." என்று ஆரம்பித்தார்.

"விடுபட்டிருக்கு" என்று மாப்பிள்ளை முடித்து வைத்தான். அழுதுகொண்டிருந்த சிட்டு பக்கென்று சிரித்துவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குவியலைப் பார்த்தாள். "எவ்வளவு போட்டிருக்கீங்க, கடவுளே" என்று விரலால் கிளறியவளின் கை சட்டென்று நின்றது. மஞ்சள் மாத்திரையை எடுத்தாள்.

"அது என்னுது இல்லம்மா, மாப்பிள்ளை நம்ப மாட்டேங்கறார்" என்றார் மாமனார்.

சிட்டு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மாத்திரையைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "கிளம்பலாம், டாக்சி வந்துடும்" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

நடனப் பள்ளியின் கூடம் நீளமாக, ஒரு பக்கம் பூராவும் கண்ணாடியாக இருந்தது. மாப்பிள்ளையும் மாமனாரும் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஸ்டாண்டை இங்கேயும் மாமனாரே போய் மாட்டிவிட்டு வந்தார். ஆசிரியை கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். சிட்டு கண்ணாடியையும் பார்க்கவில்லை, ஆசிரியையையும் பார்க்கவில்லை, வாசித்தாள். கடைசிப் பகுதி வந்தது. கீழே இறங்கி, திரும்பி மேலே போகிற இடம். அந்தக் கட்டையை அழுத்தி, கொஞ்சம் நிறுத்தினாள்.

மாமனார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். முடியும்வரை விடவில்லை.

"பிரமாதம்" என்றார் ஆசிரியை. "வேற யாரையும் பார்க்கப் போறதில்ல. அடுத்த வாரமே வந்துடுங்க."

மாப்பிள்ளைக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. மாமனார் நிஜமாகவே கொஞ்சம் குதித்தார்.

"ஒரே ஒரு நிபந்தனை" என்று ஆசிரியை சிரித்தபடி சொன்னார். "எட்டு மாசத்துல எங்க ஆண்டு விழா. பிள்ளைங்க எல்லாரும் உங்க வாசிப்புக்குத்தான் ஆடப் போறாங்க. அதுவரைக்கும் லீவு கேட்கக் கூடாது. முடியும்தானே?"

"எட்டு மாசமா?" என்றாள் சிட்டு.

அவள் உதடு ஏதோ கணக்குப் போட்டது. முகத்தில் சிரிப்பா, கவலையா என்று பிரிக்க முடியாத ஒன்று வந்து நின்றது. "ஒரு நிமிஷம் மேடம். நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னிக்கு ராத்திரி சொல்லலாம்னு இருந்தேன்."

கீபோர்டின் மேல், நோட்ஸ் புத்தகத்தின் ஓரத்தில், அவள் கொண்டுவந்து வைத்திருந்த குட்டி மஞ்சள் மாத்திரை இருந்தது. நாலு நாளைக்கு முன் வாசிக்க உட்காரும்போது அவள் கையிலிருந்துதான் அது பள்ளத்துக்குள் நழுவிப் போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு பெஞ்சை நோக்கி நடந்து வந்தாள். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றான்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மாத்திரையைப் பார்த்தார். மகளின் முகத்தை ஒருமுறை, நிதானமாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார். சிட்டு வயிற்றில் இருந்தபோது அவள் அம்மாவும் வாடை ஆகாது என்று காபியைத் தள்ளி வைத்தது நினைவுக்கு வந்தது. அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"மாப்பிள்ளை, நம்ம ரெண்டு பேர் கண்ணுலயும் பெரிசா ஒண்ணு விடுபட்டிருக்கு" என்றார்.